கட்டம் போட்ட சீட் துணி: பழைய கோல்ஃப் ஜிடிஐக்கு எந்தத் திசையில் வெட்டுவது?

டோர்ட்மண்ட்வாசி:

வணக்கம். என்னிடம் 1978 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார் ஒன்று இருக்கிறது, முதல் தலைமுறை வண்டி. இன்ஜின், பாடி வேலை எல்லாம் முடிந்து இப்போது சீட் வேலை நடக்கிறது. சீட்டின் நடுப்பகுதிக்கு சிவப்பு, கறுப்பு, சாம்பல் கலந்த டார்டன் கட்டத் துணி, இரண்டு பக்கமும் வெறும் கறுப்பு. பழைய துணி இற்றுப் போய்விட்டதால் அதே மாதிரி புதிதாக நெய்த துணியை மீட்டர் கணக்கில் வாங்கி (140 செ.மீ அகலம், பின்பக்கம் மெல்லிய ஃபோம் ஒட்டியது) இங்கே ஒரு பட்டறையில் தைக்கக் கொடுத்தேன்.

சாரதி சீட் வடிவாக வந்திருக்கிறது. முதுகுப் பகுதியின் நட்டநடுவில் சிவப்புக் கோடு இறங்கி, அதே நேரில் உட்காரும் பகுதியின் முன் விளிம்பு வரைக்கும் ஓடுகிறது. பக்கத்து சீட்டில்தான் பிரச்சினை. முதுகில் கோடு நடுவை விட்டு 3 செ.மீ அளவு தள்ளி நிற்கிறது. உட்காரும் பகுதியில் கட்டம் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது, நிறமும் ஒரு மாதிரி வெளிறின போல இருக்கிறது. ஒரே துணி, ஒரே உருளை. குனிந்து பார்த்தால் நெசவில் இருக்கிற சின்னச் சாய்கோடுகள் சாரதி சீட்டில் வலப்பக்கம் ஏறுகின்றன, இந்த சீட்டில் இடப்பக்கம் ஏறுகின்றன. பட்டறைக்காரரிடம் கதைத்தேன், கட்டத் துணிக்கு மேல் கீழ் கிடையாது, எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான் என்கிறார்.

அது சரியா? கழற்றித் திரும்பத் தைக்கச் சொல்லலாமா? இடது, வலது சீட்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக வரவேண்டுமா, அல்லது இரண்டும் ஒரே மாதிரியா? பின் சீட் இன்னும் வெட்டவில்லை, கையில் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத் துணி இருக்கிறது. அதை வெட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவை குஷன்:

தம்பி, நீங்க சொன்ன அடையாளங்களை வைத்தே சொல்லிவிடலாம், உட்காரும் பகுதித் துணியைக் கால் சுற்று திருப்பி வெட்டியிருக்கிறார்கள். நீளவாக்கில் ஓட வேண்டிய பாவு நூல் இப்போது குறுக்கே ஓடுகிறது. ட்வில் என்னும் சாய்கோட்டு நெசவில் கோடு பக்கம் மாறுவது அதனால்தான். அரைச் சுற்று, அதாவது தலைகீழாகத் திருப்பினால் சாய்கோடு மாறாது, கால் சுற்று திருப்பினால் மாறும். துணியின் பின்பக்கத்தை வெளியே போட்டாலும் மாறும், ஆனால் உங்கள் துணியில் பின்பக்கம் ஃபோம் ஒட்டியிருப்பதால் அதற்கு வழியில்லை. வெளிறித் தெரிவதும் இதே காரணம்தான், நூல் படுத்திருக்கும் திசை மாறினால் வெளிச்சம் பட்டுத் திரும்பும் விதமும் மாறிவிடும். கட்டம் அகலமாகத் தெரிகிறது என்றீர்களே, பார்க்கச் சதுரமாகத் தெரியும் கட்டங்கள் பலதும் அளந்தால் சதுரமாக இருக்காது, நெய்யும்போது பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கும் நெருக்கம் வேறு வேறு. அளவு நாடாவை வைத்துப் பாருங்க, நீளத்தில் ஒரு அளவும் அகலத்தில் ஒரு அளவும் வரும்.

ஏன் திருப்பினார்கள் என்றால் துணி மிச்சம் பிடிக்கத்தான். ரெக்சினில் பழகிய கைகளுக்கு மீதித் துண்டில் எப்படிப் பொருந்துகிறதோ அப்படி வெட்டுவது வழக்கம். ரெக்சினில் அது பெரிய விஷயமில்லை, கட்டத் துணியில் செய்யவே கூடாது.

கழற்றித்தான் ஆக வேண்டும். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், ஃபோம் ஒட்டிய நெசவுத் துணி பாவுப் பக்கம் அதிகம் இழுபடாது, ஊடைப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும். ஆள் உட்கார்ந்து எழும்போது இழுவை பெரும்பாலும் முன்னும் பின்னும்தான் விழும். அந்தத் திசையில் பாவு இருந்தால் துணி தளராது. இரண்டு சீட்டிலும் வேறு வேறு திசையில் இருந்தால் ஓரிரு வருடத்தில் ஒன்று சுருக்கம் விழும், மற்றது விழாது.

பொதுவான முறை இதுதான். முதுகுப் பகுதிக்குத் துணியின் மேல்முனை தலைப்பக்கம், அங்கிருந்து கீழே இறங்கி, மடிப்பைத் தாண்டி, உட்காரும் பகுதியில் பின்னாலிருந்து முன்னால் வந்து முழங்கால் பக்கம் முடிகிறது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் எப்படி ஓடிவருமோ அந்த வழி. கதவு அட்டைக்கும் பின் சீட்டுக்கும் அதே விதி. காண்டெஸா காருக்கெல்லாம் வெல்வெட் மாதிரித் துணி போட்டுத் தைக்கும்போது இதை மாற்றவே முடியாது, முடி சாயும் பக்கம் ஒரு துண்டில் மாறினாலும் அந்தத் துண்டு மட்டும் வேறு சாயம் போட்டதுபோல நிற்கும். கையால் தடவினால் வழுவழுப்பாகப் போகும் பக்கம் முதுகில் கீழ்நோக்கியும், உட்காரும் இடத்தில் முன்நோக்கியும் இருக்க வேண்டும். உங்கள் டார்டனில் முடி கிடையாது, ஆனாலும் பழக்கத்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

இடது வலது கேள்விக்கு ஒரு சின்ன சோதனை இருக்கிறது. மிச்சத் துணியில் நடுவில் வரும் சிவப்புக் கோட்டின் மேலேயே மடித்துப் பாருங்க. மேல் மடிப்பின் ஓரத்தில் தெரியும் கோடுகள் கீழே இருக்கும் கோடுகளோடு அச்சாகப் பொருந்தினால் அது இருபக்கமும் ஒத்த கட்டம். அப்படியானால் நடுக்கோடு சரியாக நின்றாலே இரண்டு சீட்டும் தானாக எதிரெதிர் பொருந்திவிடும். பொருந்தவில்லை என்றால் ஒருபக்கக் கட்டம், அதை எதிரெதிராக வைக்கப் பார்க்க வேண்டாம், இரண்டு சீட்டையும் ஒரே மாதிரி வெட்டுங்க. நீளவாக்கிலும் ஒரு தடவை மடித்துப் பாருங்க, அதுவும் ஒத்து வந்தால் தலைகீழ் கவலை உங்களுக்கு இல்லை.

ஏர்கூல்டு:

கோவை அண்ணன் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் மியூனிக் பக்கம் இருக்கிறேன், பழைய ஜெர்மன் வண்டிகள் சிலவற்றை உள்ளே பிரித்துச் சேர்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் கொஞ்சம்.

இந்தக் கட்டத்தை ஜிடிஐக்குக் கொண்டுவந்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர். பீங்கானில் ஓவியம் வரையப் படித்தவர், 1964இல் ஃபோக்ஸ்வாகனின் துணி மற்றும் நிறப் பிரிவில் சேர்ந்தார். பிரிட்டனுக்குப் போய் வந்தபோது அங்கே கண்ட தரமான கட்டத் துணிகள் மனதில் தங்கியிருந்ததாகச் சொல்லியிருக்கிறார். கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழும் அவர் யோசனைதான். வண்டி 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வந்தது, 1976இல் விற்பனைக்கு. கறுப்பு வண்டிக்குள் அந்தச் சிவப்புக் கோடு கிரில்லைச் சுற்றியிருக்கும் சிவப்புக் கோட்டோடு பேசிக்கொள்கிறது, அதனால்தான் நடுக்கோடு விலகினால் கண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் தட்டுப்படுகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கவனத்தில் வையுங்கள். தொழிற்சாலையில் துணியை அடுக்கி வைத்து மொத்தமாக வெட்டுவார்கள். நான் திறந்து பார்த்த அசல் சீட்களில் நடுக்கோடு ஒரு செ.மீ இப்படி அப்படி விலகி இருந்ததும் உண்டு, குறுக்குக் கோடுகள் தையலில் சந்திக்காமல் விட்டதும் உண்டு. ஆனால் கால் சுற்று திரும்பிய துண்டை அசல் வண்டி எதிலும் நான் கண்டதில்லை. அதனால் அசல் மாதிரி வேண்டும் என்பவர் ஒரு செ.மீ விலகலை மன்னித்துவிடலாம், திசை மாறியதை ஏற்க வேண்டியதில்லை. உங்கள் 3 செ.மீ எனக்கு அதிகம்தான்.

போர்ஷ கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி. 1974இல் ஃபெர்டினாண்ட் போர்ஷவின் மகள் லூயிஸ் பியேக்கின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த முதல் 911 டர்போவின் சீட்டில்கூட டார்டன் கட்டம்தான். பெபிட்டா என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் பல் கட்டத்தில் பற்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைக் கவனிக்காமல் ஒரு துண்டைத் திருப்பிவிட்டால், தள்ளி நின்று பார்க்கும்போது தெரியாது, கதவைத் திறந்து உட்காரும்போது தெரியும். போர்ஷ 928 காரில் 1977இல் வந்த பாஷா துணி இன்னும் மோசம். சிறியதும் பெரியதுமாகச் செவ்வகங்கள், கொடி அசைவதுபோல ஒரு தோற்றம், அதுவும் முடி வைத்த துணி. அதில் முடியின் திசையும் சரியாக வேண்டும், செவ்வகங்கள் நெருங்கி விலகும் திசையும் சரியாக வேண்டும். விலையைக் கேட்டால் யாரும் துண்டை வீணாக்கத் துணிய மாட்டார்கள், அந்தப் பயத்திலேயே தவறாக வெட்டிவிடுகிறார்கள்.

பழைய உறைகளைப் பட்டறையிலிருந்து உடனே திரும்ப வாங்குங்கள். இற்றுப் போயிருந்தாலும் பரவாயில்லை. தையலைப் பிரிக்காத உறையில் எந்தக் கோடு எங்கே நின்றது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பத்மினி 1100:

எனக்கு இதில் கொஞ்சம் வேறு கருத்து. வண்டியை ஓட்டத்தானே வாங்குகிறோம், பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் கோடு எங்கே தெரியப்போகிறது? திருப்பித் தைத்தால் பழைய ஊசித் துளைகள் கறுப்புத் துணியில் தெரியும், பக்கத் துண்டுகள் வீணாகும். நடுக்கோடு விலகியதோடு விட்டுவிட்டு பின் சீட்டை மட்டும் சரியாக வெட்டச் சொல்லலாம் என்பது என் யோசனை.

கோவை குஷன்:

பத்மினி நண்பரே, ஊசித் துளை பற்றிச் சொன்னது நியாயமான கவலை. ரெக்சினாகவோ தோலாகவோ இருந்தால் பழைய துளை மூடாது, அதே தையல் வழியிலேயே ஊசி விழ வேண்டும், இல்லாவிட்டால் தையலை 2, 3 மி.மீ உள்ளே தள்ளிப் போட்டுத் துளைகளை உள்பக்கம் மறைக்க வேண்டும். நெசவுத் துணியில் அவ்வளவு பயம் இல்லை, ஆவி காட்டி நகத்தால் நீவினால் நூல் திரும்ப வந்து சேர்ந்துவிடும். எப்படி இருந்தாலும் இங்கே மாற்ற வேண்டியது நடுத் துண்டு மட்டும்தான், பக்கத் துண்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஆள் உட்கார்ந்தால் தெரியாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு செலவு செய்து பாடி முடித்த வண்டியில் கதவைத் திறந்ததும் முதலில் கண் போவது சீட்டுக்குத்தான்.

ஈரோட்டு நூல்:

நான் துணித் துறையில் இருக்கிறேன், சீட் தைத்ததில்லை, ஆனால் இந்தக் கேள்வியில் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. வெட்டுவதற்கு முன் துணியே நேராக இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

கட்டத் துணிக்குப் பின்னால் ஃபோம் ஒட்டும்போது துணி சூடான உருளைகளுக்கு இடையே இழுபட்டுப் போகும். அப்போது குறுக்குக் கோடுகள் நடுவில் வில்லாக வளையலாம், அல்லது ஒரு கரையிலிருந்து மற்ற கரைக்குச் சாய்ந்து போகலாம். ஃபோம் ஒட்டாத துணியாக இருந்தால் ஈரம் காட்டி எதிர்ப்பக்கம் இழுத்து இஸ்திரி போட்டுச் சரிசெய்துவிடலாம். ஒட்டிய பிறகு அது அப்படியே உறைந்துவிடும், பிறகு யாராலும் நேராக்க முடியாது. ஒரு நேர் சட்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரே குறுக்குக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். சீட்டின் நடுத் துண்டு 50 செ.மீ அகலம் என்றால் அந்த அகலத்துக்குள் 2, 3 மி.மீ வளைவு இருந்தால் சீட்டின் மேடு பள்ளத்தில் கரைந்துவிடும். ஒரு செ.மீ வளைந்திருந்தால் தைப்பதற்கு முன்பே கடைக்குத் திருப்பி அனுப்புவது நல்லது, வெட்டிய துணியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

சாய்வு கொஞ்சமாக இருந்து, வைத்துக்கொள்வதுதான் வழி என்றால், கரையை அளவாக வைத்து வெட்டாதீர்கள். நடுவில் ஓடும் பாவுக் கோட்டை அளவாக வையுங்கள். சீட்டில் நீளக் கோடு சாய்ந்தால் எல்லோருக்கும் தெரியும், குறுக்குக் கோடு கொஞ்சம் சாய்ந்தால் அவ்வளவாகத் தெரியாது.

பின் சீட்டுக்குத் துணி போதவில்லை என்று புதிதாக வாங்க நேர்ந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். வேறு தடவை சாயம் போட்ட துணியில் சிவப்பு ஒரு துளி மாறியிருக்கலாம். முன் சீட்டின் மாற்றுத் துண்டுகளைப் பழைய மிச்சத்தில் வெட்டுங்கள், பின் சீட்டை முழுக்கப் புதிய துணியில் வெட்டுங்கள். ஒரே சீட்டில் இரண்டும் கலந்தால்தான் கண்ணில் படும்.

டோர்ட்மண்ட்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மடித்துப் பார்த்தேன், அகலவாக்கில் அச்சாகப் பொருந்துகிறது, நீளவாக்கிலும் பொருந்துகிறது. ஆனால் ஒரு முழுக் கட்டம் நீளவாக்கில் 16 செ.மீ, அகலவாக்கில் 15 செ.மீதான். கோவை அண்ணா சொன்னது சரி. நேர் சட்டம் வைத்ததில் 140 செ.மீக்கும் சேர்த்து அரை செ.மீ அளவுதான் வளைவு.

பட்டறைக்காரரிடம் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாய்கோட்டைக் காட்டினேன், பிறகு ஒத்துக்கொண்டார், துணி நான் கொடுத்தால் கூலி வாங்காமல் நடுத் துண்டுகளை மாற்றித் தருவாராம். பழைய உறைகளையும் திரும்ப வாங்கிவிட்டேன்.

இப்போது இரண்டு சந்தேகம். பக்கத்து சீட்டுக்கு இரண்டு துண்டு, பின் சீட்டுக்கு முதுகும் உட்காரும் இடமும், இவ்வளவுக்கும் கையில் இருக்கும் துணி போதுமா? அடுத்தது, இந்த முறை அவர் வெட்டும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

கோவை குஷன்:

தம்பி, போதாது. எப்படிக் கணக்குப் போடுவது என்று சொல்கிறேன், உங்கள் அளவுகளை வைத்து நீங்களே சரிபாருங்க.

கட்டத் துணியில் துண்டின் நீளம் என்பது தைக்கும் அளவு மட்டும் கிடையாது. உட்காரும் துண்டு 50 செ.மீ நீளம் என்று வையுங்க, தையலுக்கும் ஃபோமின் மேட்டுக்கும் 5 செ.மீ சேர்த்தால் 55. ஆனால் இதற்குக் கீழே வெட்டும் துண்டும் கட்டத்தின் அதே இடத்தில் தொடங்க வேண்டும், அதனால் 16இன் மடங்குக்கு ஏற்றி 64 என்று எடுக்க வேண்டும். துண்டுக்கு 9 செ.மீ வீண் போகிறது, வேறு வழியில்லை. இரண்டு துண்டுகளை அகலத்தில் பக்கம் பக்கமாக வெட்டும்போதும் இதே கணக்குத்தான். ஒரு துண்டின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 15இன் மடங்காக இருக்க வேண்டும், 60 என்று வைத்தால் 140 அகலத்தில் இரண்டு துண்டு தாராளமாக உட்காரும். ஆக பக்கத்து சீட்டின் இரண்டு துண்டும் ஒரே வரிசையில் வந்துவிடும், முதுகுத் துண்டு நீளம் அதிகம் என்பதால் அந்த வரிசைக்கு 80 செ.மீ வரை போகலாம். மிச்சத்தில் பின் சீட்டின் ஒரு பாதி வந்தால் அதிகம். ஈரோட்டு நண்பர் சொன்னபடி பின் சீட்டுக்கு முழுக்கப் புதிதாக 2 மீட்டர் வாங்கிவிடுங்க, நிம்மதி.

பின் சீட்டுக்குத் துணியைப் படுக்கைவாட்டில் போட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சோபாவில் அப்படிச் செய்வதுண்டு, அதற்கென்றே குறுக்காக நெய்த துணிகளும் உண்டு. இங்கே செய்தால் முன் சீட்டில் வந்த அதே சங்கடம் பின்னால் வரும். உங்கள் பெஞ்சின் அகலம் 140க்குள் அடங்குமா என்று அளந்து பாருங்க, அடங்கினால் நேராகவே ஒரே துண்டில் வெட்டலாம். இரண்டு பேருக்கும் தனித்தனி நடுத் துண்டு இருக்கும் பெஞ்ச் என்றால் ஒவ்வொன்றின் நடுவிலும் அதே சிவப்புக் கோடு வரட்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை. முதலாவதாக அட்டை அச்சுக்குப் பதில் கெட்டியான கண்ணாடித் தாளில் அச்சு வெட்டச் சொல்லுங்க. அதில் நடுக்கோடும் தையல் கோடும் மார்க்கரில் போட்டுத் துணி மேல் வைத்தால் கட்டம் கீழே தெரியும், எது எங்கே விழும் என்பதை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். கட்டம் பொருந்த வேண்டியது தையல் ஓடும் கோட்டில், துணியின் வெட்டு விளிம்பில் பொருத்துவதுதான் பலரும் செய்யும் பிழை, தைத்து முடித்ததும் ஒரு செ.மீ தள்ளிவிடும்.

அப்புறம் குறுக்கே ஓடும் தடித்த கோடு எதுவும் முன் விளிம்புத் தையலுக்கு மேலேயே வந்து விழக்கூடாது. 3 மி.மீ கோணல் இருந்தாலும் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் தையல் விழட்டும், அதே கோணல் அங்கே இருந்தாலும் கண்ணுக்குப் படாது. முதுகும் உட்காரும் இடமும் சேரும் மடிப்பில் குறுக்குக் கோடுகளை ஒட்ட வைக்க மெனக்கெட வேண்டாம், அந்த இடம் உள்ளே போய்விடும்.

தைக்கும்போது நடுவில் தொடங்கி ஒரு பக்கம் தைத்து, திரும்ப நடுவிலிருந்து மறுபக்கம் தைக்க வேண்டும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே ஓட்டமாக ஓட்டினால் மெஷின் அடித்துணியை வேகமாக இழுக்கும், மேல்துணி பின்தங்கும், கடைசியில் கட்டம் விலகியிருக்கும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் இருந்தால் இது குறையும், ஆனாலும் ஒவ்வொரு தடித்த கோட்டிலும் குண்டூசி குத்திவிட்டுத்தான் தைக்க வேண்டும்.

உறை மாட்டுவதற்கு முன் அடி ஃபோமைப் பாருங்க. ஒரு பக்கம் அமுங்கியிருந்தால் எவ்வளவு நேராக வெட்டியிருந்தாலும் கோடு அந்தப் பள்ளத்தோடு சேர்ந்து வளையும். உறையை இழுத்துப் பிணைக்கும் கம்பி வளையமான ஹாக் ரிங் போடும்போதும் நடுவில் முதலில், பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் நடுக்கோடு போயே விடும்.

டோர்ட்மண்ட்வாசி:

அண்ணா, இதை அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன். பெஞ்சை அளந்தேன், தையலுக்கு விட்டும் 140க்குள் வருகிறது. 2 மீட்டர் புதிதாகச் சொல்லிவிட்டேன், கடையில் துண்டு மாதிரி ஒன்று முன்கூட்டி அனுப்பக் கேட்டிருக்கிறேன், சிவப்பை ஒப்பிட்டுப் பார்க்க. வெட்டும் அன்று நானும் பட்டறையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன், அவரும் சரி என்றார்.